பெயர் சூட்டுவதன் பயன்

குழந்தைக்குப் புராணப் பெயர் சூட்டுவது எதற்காக? அப்பெயருக்குரியவரின் நற்குணங்கள் குழந்தையிடம் மலர வேண்டும் என்பதற்காக என்பர் பெரியோர். பெயர் சூட்டிய பெற்றோருக்கும் அதனால் பயன் உண்டு என்பதை ஸ்ரீமத் பாகவதத்தின் 6-ஆம் ஸ்கந்தம் காட்டுகிறது.

கன்யாகுப்ஜ நகரில் வாழ்ந்த அஜாமிளன் நெறி தவறியவன். அவனுடைய பத்துப் பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையின் பெயர் நாராயணன். 88 வயதில், மரணத் தறுவாயில் எமதூதர்களைக் கண்டு நடுங்கிய அஜாமிளன், தொலைவில் விளையாடிக் கொண்டிருந்த அம்மகனை 'நாராயணா!' என்று கூவி அழைத்தான். அழைத்தது பிள்ளையை, வந்தவர்களோ விஷ்ணுதூதர்கள். எமதூதர்கள் விலகினர்.

கதை அத்துடன் முடியவில்லை. உயிர் பிழைத்த அஜாமிளன் தன் பழைய வாழ்வை எண்ணி மனம் வருந்தினான். பற்றுகளைத் துறந்து, கங்காதுவாரம் எனப்படும் ஹரித்வாருக்குச் சென்று யோகத்தில் நிலைத்தான். நாமம் வழியைத் திறந்தது; அவ்வழியில் அவன் நடக்கவும் செய்தான்.

ராமன், சீதா என்று அருமையாகப் பெயர் சூட்டிவிட்டு, சினம் வந்தபோது அப்பெயரையே வசைச் சொல்லோடு சேர்த்துக் கூவும் இல்லங்கள் எத்தனை! பிள்ளையை அழைக்கும் ஒவ்வொரு முறையும் இறைவனை நினைக்கப் பெற்றோருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அன்போடு, பொருளுணர்ந்து அழைத்தால், இல்லத்தின் அன்றாடப் பேச்சே நாமஜபமாகிவிடும்.