பதினொன்றும் நூற்றெட்டும்

கையில் ஒரு சின்ன அட்டை. அதில் 1 முதல் 108 வரை கட்டம் கட்டமாக எண்கள். இன்னொரு கையில் பேனா. ஒரு சுற்று முடிந்ததும் நடந்துகொண்டே ஓர் எண்ணை அடித்துவிட வேண்டும். நின்று நிதானமாக அடிக்கலாம் என்று நினைத்தால் பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். அடிமேல் அடி வைத்து அடிப்பிரதட்சிணம் செய்வது நம் ஊர்ப் பழக்கம். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சில்கூர் பாலாஜி கோயிலில் அதற்கெல்லாம் இடமில்லை. கிட்டத்தட்ட ஓட்டம்தான். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 108 முடிய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

அட்டை வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே ஒன்று தெரிந்துவிடும்: அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்க வந்தவர்களுக்கு அட்டை தேவையில்லை. அவர்கள் சுற்ற வேண்டியது பதினொன்றுதான். விரல் விட்டே எண்ணிவிடலாம்.

பிள்ளை வரம், கல்யாணம், வேலை என்று எல்லா வேண்டுதலும் இங்கே உண்டு. ஆனாலும் கோயிலுக்கு ஊர் உலகத்தில் பெயர் வாங்கித் தந்தது ஒன்றுதான். மூலவரின் பெயரே 'விசா பாலாஜி' ஆகிவிட்டது.

நகரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. 1908இல் மூசி ஆறு ஹைதராபாத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளத்துக்குப் பிறகு, 1920இல் கட்டி முடித்த உஸ்மான் சாகர் ஏரியின் கரைப்பக்கம் இருக்கும் கிராமம் சில்கூர். கோயில் சின்னது. திருப்பதிக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த பக்தர் ஒருவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது, பெருமாள் கனவில் வந்து 'நீ வர வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன்' என்று சொன்னதாகத் தலவரலாறு. புற்றைத் தோண்டியபோது கோடரி பட்டு ரத்தம் வந்ததாம். ஆக, பயணம் போக முடியாத ஒருவருக்காக வந்து இறங்கிய சாமி இது. பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் அதே சாமியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு விசேஷம், உண்டியல் கிடையாது. சிறப்பு தரிசன டிக்கெட்டும் கிடையாது. மந்திரி வந்தாலும் வரிசைதான். கோயிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட சட்டப் போராட்டமும் இருக்கிறது. 1987இல் ஆந்திர அறநிலையச் சட்டம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை எடுத்தபோது, இந்தக் கோயிலின் அர்ச்சகர் எம்.வி. சௌந்தரராஜன் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 2007இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. பதினொன்று, நூற்றெட்டு என்ற கணக்குக்கும் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். தண்ணீருக்காக போர்வெல் போட்டபோது அர்ச்சகர் வேண்டிக்கொண்டு பதினொரு சுற்று சுற்றினார், தண்ணீர் பீறிட்டது, நன்றியாக 108 சுற்றினார். கேட்டது தண்ணீர். விசா பிறகு வந்து சேர்ந்தது.

எப்போது சேர்ந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 1998இல் ஹைதராபாத்தின் ஐ.டி. மையமான ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் திறக்கிறது. அமெரிக்கா ஆண்டுக்கு 65,000 என்று வைத்திருந்த எச்-1பி வேலை விசா உச்சவரம்பு 1999இல் 1,15,000 ஆகிறது, 2001இல் 1,95,000. அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த பையன்கள் சில்கூருக்கு பஸ் ஏறுகிறார்கள். இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் விசா கொடுக்கத் தொடங்கியது 2009இல்தான். அதுவரை சில்கூரில் பதினொரு சுற்று சுற்றிவிட்டு, சார்மினார் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் சென்னை ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நிற்க வேண்டும். வேண்டுதல் ஓர் ஊரில், தீர்ப்பு இன்னோர் ஊரில்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பெருமாளை டிராவல் ஏஜென்ட் ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கேள்வி பழையது. கடவுளிடம் போய் இதைக் கேட்கலாமா?

கீதையின் ஏழாம் அத்தியாயம் கடவுளை நாடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. துன்பப்பட்டவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. ஞானிக்குத்தான் தனி இடம் என்றாலும் நால்வருமே நல்லவர்கள் என்று கிருஷ்ணன் சொல்லிவிடுகிறான். அந்தக் கணக்கில் விசா ஸ்டாம்பிங் கேட்டு வருகிறவரும் உள்ளேதான். வைணவ ஆசாரியர்கள் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. பெருமாளிடம் பெருமாளைத் தவிர வேறொன்றைக் கேட்பது அவர்கள் கண்ணில் ஒரு படி இறக்கம். அதற்குப் 'பிரயோஜனாந்தரம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதற்கு உச்சமான சாட்சி குலசேகர ஆழ்வார். சேர நாட்டு அரசர். திருவேங்கடத்தைப் பாடும்போது அவர் கேட்கிறவற்றின் பட்டியல் விசித்திரமானது: மலையில் ஒரு பறவையாக, சுனையில் ஒரு மீனாக, ஒரு மரமாக, பாதையாக, கடைசியில் சன்னிதி வாசலில் கிடக்கும் படியாக. ராஜ்யம் வேண்டாம், இந்த இடத்தை விட்டு அகலாமல் இருந்தால் போதும். பெருமாள் கோயில்களில் கருவறை வாசல்படிக்குக் 'குலசேகரன் படி' என்று பெயர் வந்தது இதனால்தான். அதே வேங்கடவனிடம் சில்கூரில் கேட்கப்படுவது நேர் எதிரானது. 'என்னை இங்கிருந்து அனுப்பி வை.' போவதற்கு அனுமதி கேட்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு தெய்வம் இப்படி அனுப்பிவைத்தது உண்டு. 1913இல் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் அழைப்பு வந்தபோது கணித மேதை ராமானுஜன் போக மறுத்தார். கடல் தாண்டினால் சாதி போய்விடும். பௌதாயன தர்மசூத்திரத்திலேயே கடற்பயணம் குற்றப் பட்டியலில் இருக்கிறது. 1888இல் லண்டனுக்குக் கிளம்பிய காந்தியை அவருடைய சாதிப் பஞ்சாயத்து ஒதுக்கி வைத்தது. ராமானுஜன் மனம் மாறியதற்கு இரண்டு விதமாகக் கதை சொல்கிறார்கள். நாமக்கல் கோயிலில் மூன்று இரவு தங்கி அவரே உத்தரவு பெற்றார் என்பது ஒன்று. அவர் தாயாரின் கனவில் நாமகிரித் தாயார் வந்து, மகன் போகிற வழியில் குறுக்கே நிற்காதே என்று சொன்னாள் என்பது மற்றொன்று. எப்படியோ 1914 மார்ச் 17 அன்று, குடுமி எடுத்த தலையோடு, சென்னையில் நெவாசா கப்பல் ஏறினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ராமானுஜனைத் தடுத்தது இந்தக் கரை. அந்தக் கரையில் கெடுபிடி இல்லை. பிரிட்டிஷ் பிரஜைக்கு அன்று விசா என்ற பேச்சே கிடையாது. ஆகவே தெய்வத்திடம் கேட்ட கேள்வி 'நான் போகலாமா?' என்பது. இன்று இந்தக் கரையில் தடுப்பவர் யாரும் இல்லை. பெற்றோரே நிலத்தை அடமானம் வைத்து அனுப்பத் தயார். தடை அந்தக் கரையில். கேள்வியும் மாறிவிட்டது: 'அவர்கள் என்னை விடுவார்களா?' தூதரகத்தைக் கேட்டு நடக்க வேண்டிய ஒரு காரியத்துக்காகப் பெருமாள் முன்னால் மனு போடப்படுகிறது.

அந்த மனுவில் ஒரு தர்மசங்கடமும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, மாணவர் விசாவோ சுற்றுலா விசாவோ கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் நிரந்தரமாகத் தங்க வந்தவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. சில நிமிட இன்டர்வியூ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். 'படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன்' என்று அங்கே சொல்ல வேண்டும். அதே வாய் முந்தின ஞாயிற்றுக்கிழமை சில்கூரில் என்ன வேண்டிக்கொண்டது? படிப்பு, பிறகு எச்-1பி, பிறகு கிரீன் கார்டு. அதிகாரிக்கு ஒரு சொல், ஆண்டவனுக்கு ஒரு சொல். இரண்டில் உண்மை எது என்று பெருமாளுக்குத் தெரியும். அப்படியானால் அவர் கேட்டுக்கொள்வது பொய் வெற்றி பெற வேண்டும் என்ற வேண்டுதலையா? பக்தர்களிடம் கேட்டால் இவ்வளவு யோசிக்காதீர்கள் என்பார்கள். ஒருவேளை சட்டம்தான் மனிதர்களைப் பொய்க்குத் தள்ளுகிறதோ என்னவோ. இருபத்திரண்டு வயதில் திரும்பி வருவோமா மாட்டோமா என்று யாருக்குத்தான் தெரியும்?

பலிக்கிறதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கிரேக்கத்தில் தியாகோரஸ் என்று ஒரு நாத்திகர் இருந்தார். சாமோத்ராக்கித் தீவுக் கோயிலில், புயலில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு மாட்டிய படங்களைக் காட்டி, 'பார், எத்தனை பேரைக் கடவுள் காப்பாற்றியிருக்கிறார்' என்று நண்பர் சொன்னாராம். 'மூழ்கிப் போனவர்கள் படம் மாட்டவில்லையே' என்றாராம் தியாகோரஸ். ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்த கதை இது. 108க்கு வருகிறவர்கள் கிடைத்தவர்கள் மட்டுமே என்பது சில்கூருக்கும் பொருந்தும். 2023 மார்ச் எச்-1பி லாட்டரிக்கு வந்த பதிவுகள் ஏழரை லட்சத்துக்கு மேல். இடங்கள் 85,000. பதினொரு சுற்று சுற்றிய எல்லாருக்கும் அதில் இடம் இருந்திருக்க முடியாது.

ஆனால் சாமோத்ராக்கிக்கும் சில்கூருக்கும் ஒரு வித்தியாசம். இங்கே மூழ்கியவர்கள் திரும்பி வருகிறார்கள். ரிஜெக்ட் ஆனவர் அடுத்த ஸ்லாட்டுக்கு முன் மறுபடி பதினொன்று சுற்றுகிறார். அட்டைக்காரர் தோளோடு தோள் உரச அவரும் ஓடுகிறார். தூதரகத்தில் காரணம் கேட்டால் அச்சடித்த ஒரு தாள்தான் கையில் கொடுப்பார்கள். லாட்டரிக்கோ காரணமே கிடையாது. காரணம் சொல்லாத ஒரு தீர்ப்பை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? தகுதி மட்டுமே முடிவு செய்கிறது என்று அவர் நம்பியாக வேண்டும் என்றால், விசா கிடைக்காத அன்று தகுதியில்லாதவர் என்றும் தன்னை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பெருமாள் இப்போது வேண்டாம் என்கிறார்' என்பது அதைவிடக் கருணையான வாக்கியம். சில்கூரின் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது என்று தோன்றுகிறது.

உள்ளே விடுவது, விடாமல் இருப்பது என்ற விஷயத்தில் கோயில்களின் கையும் சுத்தம் இல்லை. தூதரகங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யார் எதுவரை வரலாம் என்று கோடு போட்டவை அவை. தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட திருப்பாணாழ்வார் ஸ்ரீரங்கத்து அரங்கனைப் பாட வேண்டுமானால் காவிரிக்கு இந்தப் பக்கமே நின்று பாட வேண்டியிருந்தது. வழிவிடச் சொல்லி லோகசாரங்க முனிவர் எறிந்த கல் அவர் நெற்றியைக் கிழிக்க, அரங்கன் நெற்றியில் ரத்தம் வழிந்தது என்பார்கள். பிறகு அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து சன்னிதிக்குள் கொண்டுபோனார். 2018 ஏப்ரலில் ஹைதராபாத்தின் ஜியாகுடாவில் இருக்கும் ரங்கநாதர் கோயிலுக்குள் ஒரு தலித் இளைஞரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓர் அர்ச்சகர் நுழைந்தார். அவர் சி.எஸ். ரங்கராஜன், சௌந்தரராஜனின் மகன், விசா பாலாஜிக்குப் பூஜை செய்கிறவர். நாளெல்லாம் நுழைவு அனுமதி கேட்பவர்களையே பார்க்கிறவர், தன் பக்கத்து வாசலையும் யோசித்துப் பார்த்திருக்கிறார்.

2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். காசே வாங்காத கோயிலில் வேண்டிக்கொண்டு போய் நிற்கிற வாசலில் இப்படி ஒரு தொகை. சில்கூரில் சுற்று முடிந்து கருவறைக்கு முன்னால் வந்து நின்றால், தாழ்வாக ஒரு படி. அர்ச்சகரைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்ட முடியாது. நூற்றெட்டு கட்டமும் அடித்த அட்டையோடு ஒருவர் அங்கே நிற்கிறார். இரண்டாம் தடவை பதினொன்று சுற்றியவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். பின்னால் வரிசை தள்ளுகிறது.