கன்றும் தேர்க்காலும்

தேர்க்காலிற்பட்டு இறந்த கன்றின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அதனைத் திருவாரூரில் வைத்துக் கூறுகின்றது. பாளி மொழியில் எழுந்த மகாவம்சம் தன் 21 ஆம் அத்தியாயத்தில், அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனுடைய வரலாற்றில் வைத்துக் கூறுகின்றது. இரண்டிலும் தாய்ப்பசு அரண்மனை மணியை அசைக்கின்றது. இரண்டிலும் மன்னன் தன் மைந்தனைத் தேர்ச்சில்லுக்கே இரையாக்குகின்றான். மேடைகளிலும் பட்டிமண்டபங்களிலும் நாம் வியந்து பேசுவது தந்தையின் நீதியையே. மைந்தன் செய்த குற்றம் யாது என்று நின்று கேட்டவர் மிகச் சிலர்.

இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கினால், நாம் பெரிதும் பொருட்படுத்தாத ஒரு வேறுபாடு புலனாகும். மகாவம்சத்திலே கன்று தாயுடன் வழியிலே படுத்துக் கிடக்கின்றது. திசாவாவிக்குத் தேரிற் சென்ற இளவரசன் கருதாமலே அதன் கழுத்தின்மீது சில்லை ஏற்றிவிடுகின்றான். பெரியபுராணத்திலோ கன்று எவரும் எதிர்பாராத கணத்தில் வீதிக்குள் துள்ளிப் பாய்ந்து சில்லில் அகப்படுகின்றது. முன்னையது கண்முன்னே கிடந்தது; பின்னையது கண்முன்னே தோன்றியது. இன்றைய நீதிமன்றம் ஒன்றில் இவ்விரு வழக்குகளும் வருமாயின், முதலாம் இளவரசனுக்காக வழக்கறிஞர் பேசுவதற்கு அதிகம் இராது. இரண்டாமவனுக்காக அவர், "கன்று பாய்ந்தது, என் கட்சிக்காரர் என் செய்வார்?" என்பார். இவ்விரண்டாம் விடையே நம் வீதிகளில் நாள்தோறும் கேட்கும் விடை. அது எத்துணைக்குச் செல்லுபடியாகும் என்பதையே இங்கு ஆராய விழைகின்றேன்.

இவ்வாராய்ச்சிக்குப் பாடசாலைப் பௌதிகம் சிறிது வேண்டும். கலைப்பீடத்து நண்பர்கள் பொறுத்தருள்க. ஒரு சாரதி இடரைக் கண்ட கணத்திற்கும் வாகனம் முற்றாக நிற்கும் கணத்திற்கும் இடையே வாகனம் கடக்கும் தூரமே நிறுத்தற்றூரம் எனப்படும். அது இரு கூறுகளாலானது. கண்டு, உணர்ந்து, காலைப் பிறேக்கிற்குக் கொண்டு செல்லும் வரை வாகனம் குறையாத வேகத்தோடு ஓடுகின்றது. பிறேக் பற்றிய பின்னரே வேகம் குறையத் தொடங்குகின்றது. முதற்கூறு வேகத்தின் அளவாக வளரும். இரண்டாங்கூறு வேகத்தின் வர்க்கமாக வளரும். வேகம் இரட்டித்தால் பிறேக் பற்றிய பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

உணர்ந்து செயற்பட ஒன்றரைச் செக்கன் எனவும், உலர்ந்த நல்ல தார் வீதியில் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் எனவும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 35 மீற்றரில் நிற்கும். 60 கிலோமீற்றரில் வருவது 45 மீற்றரில் நிற்கும். பத்து மீற்றர் தானே வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் வேறொரு விதமாகக் கணக்கிட்டுப் பாருங்கள். முதற் கார் ஒரு குழந்தையின் முன்னே மயிரிழையில் வந்து நின்ற அதே இடத்தை, அதே புள்ளியிலிருந்து பிறேக்கை நாடிய இரண்டாவது கார் என்ன வேகத்தில் அடையும்? பத்து கிலோமீற்றர் வேகத்தில் என்று நம் மனம் சொல்லும். கணக்கோ 43 கிலோமீற்றர் என்கின்றது. ஒன்றரைச் செக்கனிலேயே அது 25 மீற்றரைத் தின்றுவிடுகின்றது. எஞ்சிய பத்து மீற்றருக்குள் அதன் இயக்கசத்தியிற் பாதியைக்கூடக் கழிக்க இயலவில்லை. இக்கணக்கை முதன்முதற் செய்து பார்த்தபோது நான் பிழை விட்டேனோ என ஐயுற்று, விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "மழை பெய்தால் என்னவாகும் என்றும் பார்" என்றார். நனைந்த வீதியில் அமர்முடுகல் பாதியாகுமெனின் 60 கிலோமீற்றரில் வருபவன் நிற்க 65 மீற்றர் வேண்டும்.

இதிலிருந்து ஒழுக்கவியலுக்கு உரிய ஒரு செய்தி பிறக்கின்றது. கன்று பாய்ந்த கணத்திலே சாரதியிடம் தெரிவு எதுவும் இல்லை. அவனுடைய கைகால்கள் அப்போது பௌதிக விதிகளின் ஏவலர். அவனுக்குத் தெரிவு இருந்தது அதற்குச் சற்று முன்னர், வீதி வெறுமையாய்க் கிடந்தபோது. ஆகவே, "அக்கணத்தில் நான் என் செய்வேன்" என்னும் கூற்று உண்மையேயாயினும் விடையாகாது. கேள்வி அக்கணத்தைப் பற்றியதன்று. குற்றம் என ஒன்று உண்டாயின், அது எவரும் பாதிக்கப்படாத, எவரும் சாட்சியாக இல்லாத, குற்றம் போலவே தோன்றாத ஒரு வேளையில் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது.

வீதிச் சட்டங்கள் சில இதனை உணர்ந்துள்ளன. வெறுமையென்று கண்ணாற் காணத்தக்க தூரத்துள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே செல்க என்பது பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையின் அறிவுறுத்தல். ஜேர்மனியச் சட்டமும் அதனையே விதிக்கின்றது. ஆயின் அச்சட்டம் ஒரு படி மேலே செல்கின்றது. எதிரே வருபவருக்கு இடர் நேரக்கூடிய ஒடுங்கிய பாதையில், காணத்தக்க தூரத்தின் பாதிக்குள் நிறுத்த வல்லவனாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஏன் பாதி? மறு பாதி எதிரே வருபவனுக்கு உரியது. அவனும் நிறுத்த வேண்டுமே! இன்னும் தோன்றாத, பெயரறியாத ஒருவனுக்காகத் தூரத்தைப் பங்கிட்டு வைக்கும் இவ்விதியைக் காட்டிலும் தெளிவான ஓர் ஒழுக்கவியற் சிந்தனையை அண்மையில் நான் எந்த மெய்யியல் நூலிலும் வாசித்ததில்லை.

"காணத்தக்க தூரம் வெறுமையாகத்தானே இருந்தது? கன்று பக்கத்திலிருந்தல்லவா பாய்ந்தது?" என்று திருவாரூர் இளவரசனின் வழக்கறிஞர் மீண்டும் எழுவார். அவரது கேள்வி நேர்மையானது. ஆனால் காண்டல் என்பது தார்ப்பரப்பை மட்டும் காண்டலன்று. நிறுத்தி வைத்த பஸ் வண்டியின் முன்புறத்தைச் சாரதி காணமாட்டான்; அங்கிருந்து ஒருவர் குறுக்கே வருவார் என்பதை அறிவான். பாடசாலை விடும் வேளையையும், மாலையில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும் இடங்களையும் அறிவான். கன்று துள்ளும் என்பது உலகம் அறிந்தது. எந்தக் கன்று, எந்தக் கணத்தில் என்பதே அறியப்படாதது. அதனை எதிர்பாராத நிகழ்ச்சி என்று அழைப்பது சொற்களைச் சற்றுத் தாராளமாகக் கையாள்வதாகும்.

ஆயினும் இவ்வாதத்தை எல்லை கடந்து இழுத்தலாகாது. மணிக்கு 20 கிலோமீற்றரில் செல்லும் காருக்கும் நிற்கப் பத்து மீற்றருக்கு மேல் வேண்டும். ஐந்து மீற்றருக்கு அப்பாற் பாயும் குழந்தையை அதுவும் காவாது. முற்றிலும் பழியற்ற வேகம் ஒன்றே ஒன்று, அது சூனியம். அம்புலன்ஸ் வண்டியும் நெல் ஏற்றிய லொறியும் ஓடாத உலகை எவரும் வேண்டார். எனவே நாம் பிறர்மீது ஓரளவு இடரைச் சுமத்தியே வாழ்கின்றோம். எவ்வளவு சுமத்தலாம், யார்மீது என்பதே வினா. நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்க்கலாம் என்பர் பயன்வழிக் கொள்கையினர். பத்து கிலோமீற்றர் தூரத்தை 50 க்குப் பதிலாக 60 இல் ஓடினால் மிஞ்சுவன இரண்டு நிமிடங்கள். அவ்விரண்டு நிமிடங்களைப் பெறுபவர் வண்டியில் இருப்பவர். அவற்றின் விலையாகிய இடரைத் தாங்குபவர் பெரும்பாலும் வீதியோரத்தில் நடப்பவர். ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்கு இவை ஒருவரின் இலாப நட்டங்கள் அல்ல. அதிவேக நெடுஞ்சாலையிலே 100 கிலோமீற்றரில் செல்பவன் தன் முன்னே 97 மீற்றர் வீதியைத் தனதாக்கிக் கொள்கின்றான். அங்கு யாவரும் அவ்வாறே செய்கின்றனர், நடப்போர் அங்கு இலர். நடைபாதையற்ற நம் ஊர் வீதியிலே 45 மீற்றரைத் தனதாக்குபவனுக்கு அதனை யார் கொடுத்தனர்?

1976 இல் பேணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலாளர், ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறித்து ஒரே தலைப்பிற் கட்டுரைகள் வெளியிட்டனர். இருவருமே லொறிச் சாரதியை உதாரணமாகக் கொண்டமை தற்செயலன்று. பிறேக்கைப் பரிசோதியாது விட்ட சாரதி ஒருவன்; குழந்தை குறுக்கே ஓடாவிடின் அவன்மீது நாம் சுமத்தும் பழி சிறிது, ஓடினால் பெரிது; அவன் செய்ததோ இரு நிலையிலும் ஒன்றே என்றார் நேகல். நல்லெண்ணத்தின் மதிப்பு விளைவினால் ஏறுவதோ இறங்குவதோ இல்லை என்ற கான்ற் இதனை ஏற்கார். நானும் முதலிற் கான்றின் பக்கமே நின்றேன்: விரைந்தோடி விபத்தின்றி வீடு சேர்ந்தவனும், விரைந்தோடிக் கொன்றவனும் சமமான குற்றவாளிகள் என்பதே தருக்கத்திற்கு ஒத்தது. ஆயினும் வில்லியம்ஸ் காட்டிய சாரதி அத்தருக்கத்தில் அடங்கவில்லை. தன் பிழை எதுவுமின்றியே குழந்தையை மோதிவிட்டவன் அவன். அருகே நின்று பார்த்தவருக்கும் துயர் உண்டு. அவனது துயரோ வேறு வகையினது. உடனே அதனை உதறிவிடுபவனை நாம் ஐயத்தோடே நோக்குவோம். சேக்கிழாரின் இளவரசனும் இவ்வகையினனே. அமைச்சர் அவனைக் காக்கச் சொற்களைத் தேடுமுன்பே அவன் நடுங்கிக் கழுவாய் நாடி அந்தணரிடம் விரைகின்றான். அந்நடுக்கத்தை நான் மதிக்கின்றேன். தண்டனை பற்றி அவ்வாறு கூற இயலேன். தேரை விரைவாகச் செலுத்தினான் என்பதற்கு அப்பாடல்களிற் சான்று தேடிப் பார்த்தேன். தெளிவாக எதுவும் எனக்குக் கிட்டவில்லை. அதனை ஆராயாமலே தீர்ப்பளித்த நீதியை இனிமேல் முன்போல் வியக்க என்னால் இயலாது.

விடுமுறைக்குச் சென்றபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதி நேராக நீளும் ஓரிடத்தில், மாலை மங்கும் வேளையில், நான் இருந்த பஸ் வண்டி தனக்கு முன் சென்ற இன்னொன்றை முந்துவதற்கு விரைந்தது. பயணிகள் சிலர் எழுந்து நின்று உற்சாகமூட்டினர். அவ்வேளை ஒழுங்கையொன்றிலிருந்து ஒரு சிறுவன் துவிச்சக்கரவண்டியில் வெளிப்பட்டான். ரயர்கள் அலறின, நாங்கள் முன்னாசனங்களில் மோதுண்டோம், வண்டி அவனிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் நின்றது. அவன் விழுந்து எழுந்தான். காயம் இல்லை. சாரதி அவனை ஏசினார். பயணிகள் ஏசினர். யன்னலோரத்தில் இருந்த நானும், "கண் தெரியாதா?" என்று கேட்டேன்.

அது சாரதியிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது பின்னரே தோன்றியது. அதற்கும் அப்பால், எம்மிடமே. விரையுமாறு அவரைத் தூண்டியவர் நாம். முந்திச் செல்லும் வண்டிக்கே அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளும் அவர்தம் பணமும் என்ற ஏற்பாட்டைப் பொறுத்துக் கொள்பவரும் நாமே. தேரிலே இளவரசனோடு சென்றோரைப் பற்றி இரு நூல்களும் பேசவில்லை. அச்சிறுவன் வண்டியின் வளைந்த பிடியைக் காலிடுக்கில் வைத்து நிமிர்த்திக்கொண்டு நின்றான். எம்மைப் பார்த்து, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றான். பஸ் புறப்பட்டது. முன்னாசனத்தில் இருந்தவர், இன்னும் எத்தனை நிமிடத்திற் கிளிநொச்சி வரும் என்று சாரதியிடம் கேட்டார்.