மஸ்கெலியாவில் எந்தக் கடை நல்ல கடை?

அரசியலைப் பற்றியோ ஆலய நிர்வாகத்தைப் பற்றியோ அந்நியன் ஒருவன் வாய் திறந்தால், இடம் பொருள் ஏவல் பார்த்துப் பாதி வார்த்தையைச் சொல்லி மீதியை விழுங்கிக்கொள்ளும் மனிதர்கள்கூட, 'இங்கே சாப்பிட எந்தக் கடை நல்லது?' என்ற வினா எழுந்த மாத்திரத்தில் தம் சங்கோசம் அனைத்தையும் துறந்து, ஒருவர் பேச்சை ஒருவர் மறித்துத் தீர்ப்புரைக்கத் தொடங்கிவிடுவதை நான் மஸ்கெலியாவில் பல வருஷங்களாகக் கண்டுவருகிறேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மலையைச் சுற்றிச் சுற்றி வரும் பஸ் வண்டியில், "அந்தக் கடையா? வேணாம் தம்பி. வடை நல்லாத்தான் இருக்கும், தேத்தண்ணி வாயில வைக்க ஏலாது" என்று முன் ஆசனத்துப் பெரியவர் ஒருவர் அருளினால், "வடைக்கு அங்க போயிட்டு, தேத்தண்ணிக்கு எதிர்ப்பக்கம் போறதுதானே அண்ணே?" என்று பின்னாலிருந்து மறுப்பு ஒன்று எழும், இறங்கும் இடம் வருவதற்குள் கேட்டவன் முன்னிலும் அதிகமாகக் குழம்பியிருப்பான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெளியூரார் தேடுவது 'நல்ல கடை' என்ற ஒரே பொருளை. ஊராரோ அப்படி ஒரு பொருள் உலகில் உண்டென்று நம்புவதில்லை. விடியற்காலையில் சூடாக ரொட்டியும் கட்டச் சம்பலும் கிடைக்கிற இடம் ஒன்று. பத்து மணிக்குமேல் அங்கே போனால் ரொட்டி தோல்போல் இழுபடும். மாலையில் பள்ளி விட்டபின் ரோல்ஸும் மீன் பணிஸும் புதிதாக வந்திறங்கும் இடம் வேறு. இரவில் தகட்டின்மேல் இரண்டு இரும்புத் தகடுகள் தாளம் போடக் கொத்து ரொட்டி தயாராகும் இடம் வேறு. சைவச் சாப்பாடு வேண்டும் வெள்ளிக்கிழமைக்காரர் நாடும் இடம் வேறு. சம்பளம் கைக்கு வரும் பத்தாம் திகதியை ஒட்டி நல்லதாக இருக்கும் கடை, மாதக் கடைசியில் அதே மனிதருக்கு நல்லதாக இருப்பதில்லை; அப்போது கொப்பியில் எழுதிக்கொண்டு கொடுக்கும் கடைதான் நல்ல கடை. இவ்வாறு வேளையும் திகதியும் பையின் கனமும் சேர்ந்து நிர்ணயிக்கும் ஒன்றை, எங்கோ இருந்து வந்தவன் ஒற்றை வாக்கியத்தில் கேட்டால் ஊர் என்ன செய்யும்?

மேசைமேல் ஒரு தட்டு நிறையச் சோட்டீஸை அடுக்கி வைத்துவிட்டு, தின்றதை எண்ணிக் காசு வாங்கும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் உண்டு. பலர் கை பட்ட தட்டு என்று முகம் சுளிக்கும் பட்டணத்துப் பிரயாணிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டில் முதலாளி வாடிக்கைக்காரர்மீது வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்று அடங்கியிருப்பதையும், இரண்டு தின்றுவிட்டு ஒன்றென்று சொல்பவர் யார் என்பது கடைக்காரருக்கு மட்டுமல்ல, அடுத்த மேசைக்கும் தெரியும் என்பதையும் நினைக்கும்போது, ஊரார் கடையை எடைபோடும் அதே வேளையில் கடையும் ஊராரை எடைபோட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இத்தகைய சம்பாஷணைகளை வீண் பேச்சென்று தள்ளிவிடுவது படித்தவர்களுடைய வழக்கம். நான் அவ்வாறு தள்ளத் துணியாமைக்குக் காரணம், இவ்வூரைச் சூழ்ந்திருக்கும் தேயிலை. 1867-ஆம் ஆண்டு கண்டிக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட பத்தொன்பது ஏக்கரோடு இத்தீவின் தேயிலை வியாபாரம் தொடங்கியது. 1883-இல் கொழும்பில் பகிரங்க ஏலம் ஆரம்பமாயிற்று. அன்றுமுதல் இந்த மலைகளில் விளையும் இலையின் தராதரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பில் வரிசையாக வைத்த வெண்கோப்பைகளின் முன் நிற்கும் ருசி பார்ப்போரின் நாக்குக்கே உரியதாகிவிட்டது. அவர்கள் ஒரு கரண்டியை ஓசையெழ உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்வார்கள். அந்த ஒரு கணத்துச் சுவையிலிருந்து விலை பிறக்கிறது, விலையிலிருந்து தோட்டத்தின் பெயர் எழுகிறது அல்லது விழுகிறது. அது ஒரு பெரிய வித்தை. அதை நான் இகழவில்லை. ஆயினும், மழையில் நனைந்து அட்டைக் கடி பட்டுக் கொழுந்து பறித்தவளிடமோ, ஆலையில் இரவெல்லாம் விழித்து வாட்டியும் அரைத்தும் கொடுத்தவனிடமோ, 'இந்தத் தேயிலை எப்படி இருக்கிறது?' என்று இந்த நூற்றைம்பது வருஷத்தில் எவரும் முறையாகக் கேட்டதில்லை. இங்கு விளைவதில் 90 வீதத்துக்கு மேல் கப்பலேறிப் போய்விடுகிறது. மேற்குச் சரிவுத் தேயிலை தன் வாசனையின் உச்சத்தை எட்டும் தை, மாசி மாதங்களில், அதை விளைவித்த மக்கள் குடிப்பது பெரும்பாலும் வேறு தரத்துத் தூள்.

ஆகவே, வாழ்நாளெல்லாம் தேயிலையைக் கையால் அறிந்த ஒரு மனிதன் அதைப் பற்றித் தன் நாக்கால் தீர்ப்புச் சொல்லும் ஒரே ஸ்தலம் டவுனில் உள்ள தேத்தண்ணிக் கடைதான். அங்கே அவன் காசு கொடுக்கிறான். அங்கே அவனுக்கு முன்னால் கோப்பை வந்து வைக்கப்படுகிறது. "என்ன முதலாளி, நேத்து தூளையே திருப்பிப் போட்டீங்களா?" என்று அவன் உரக்கக் கேட்கலாம், கேட்டதற்காக யாரும் அன்றைய சம்பளப் பேரை வெட்டமாட்டார்கள். வேலைத்தலத்தில் தேயிலையைப் பற்றி அவன் கேட்பதெல்லாம் எத்தனை கிலோ என்பது மட்டுமே.

உட்கார்ந்து குடித்து அபிப்பிராயம் சொல்லும் இந்தச் சாதாரண உரிமை எல்லோருக்கும் இயல்பாக வந்து சேர்ந்ததன்று என்பதை மறக்கலாகாது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கும்படி பெரியார் நடத்திய மறியல் நாடறிந்தது. அதே ஆண்டில் இலங்கையிலும் பொது இடங்களில் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் பிறந்தது. பிறந்தும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்து மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து குடிப்பதற்கு, அறுபதுகளின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைப் பிரவேசம் என்று ஆலயப் பிரவேசத்துக்கு நிகராக அதற்குப் பெயர் வழங்கிற்று. வாசலில் நின்று தனிப் பாத்திரத்தில் வாங்கிக் குடித்தவனிடம், கடை நல்லதா கெட்டதா என்று எவன் கேட்டிருப்பான்?

மலைநாட்டின் கதை இன்னொரு விதம். ஒரு காலத்தில் தோட்டம் என்பது துரையின் அனுமதியின்றி அந்நியர் நுழைய முடியாத எல்லையாக இருந்தது, கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியின் வேஷம் பூண்டுதான் லயங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டார். அவர் 1931-இல் தொழிற்சங்கத்தை நிறுவியது தோட்டத்தில் அல்ல, ஹட்டன் நகரில். தோட்டத்தில் அடக்கிய மூச்சை டவுனில் விடலாம் என்ற அந்தப் பழைய வழக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்க வரும் குடும்பங்கள் கடைகளில் அமர்ந்து பேசும் குரலின் உயரத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னன் 1675-இன் இறுதியில் காப்பிக் கடைகளையெல்லாம் மூடும்படி பிரகடனம் செய்து, எதிர்ப்புக்கு அஞ்சி, அது அமுலுக்கு வருமுன்னரே வாபஸ் பெற்றான். அங்கே குடிக்கப்பட்ட பானத்தைக் கண்டா அவன் பயந்தான்?

இவ்வளவு சொன்னபின், நமது ஊரார் தீர்ப்புகள் முற்றும் சுதந்திரமானவை என்று நான் சாதிக்கப்போவதில்லை. கடன் கொப்பியில் பெயர் ஏறியவனுடைய நாக்கு அந்தக் கடையின் சம்பலில் உப்புக் கூடியதை உணர்ந்தாலும் வெளியில் சொல்லாது. முதலாளியின் மகளும் தன் மகளும் ஒரே வகுப்பில் படிப்பதை நினைத்துப் புளித்த சாம்பாரை மௌனமாக உண்டவர்களை நான் அறிவேன். நாளை காலை அதே வாங்கில் அதே முகத்தின் முன் உட்கார வேண்டியவன் சொல்லும் அபிப்பிராயம், எவ்வளவு கடுமையாக ஒலித்தாலும், ஓரிடத்தில் நின்றுவிடும். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி விசாகம்வரை சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாகப் போகும் யாத்திரிகர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நடுநிசியில் குளிரில் நடுங்கிக்கொண்டு வழிக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ குடிப்பவர் 'அமிர்தம்' என்கிறார். இறங்கி வரும்போது வெயிலில் முழங்கால் நோக அதையே குடித்துவிட்டு 'அநியாய விலை' என்கிறார். இரண்டும் அவருடைய கால்கள் சொன்ன அபிப்பிராயம். ஆனாலும் நாங்கள் உறவு கருதி விழுங்கியதை அவர் பட்டென்று சொல்லிப் போய்விடுவதால், சில கடைகளில் மேசை துடைக்கும் துணி மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

யாருடைய சொல்லை நம்புவது? நான் என்னளவில் வைத்துக்கொண்டிருக்கும் பரீட்சை ஒன்றுண்டு. ஒரு கடையை ஓயாமல் குறை கூறிக்கொண்டே அந்தக் கடைக்கே நாள்தோறும் போகிறவன் இருக்கிறானே, அவன் வாக்கை நான் வேதமாகக் கொள்கிறேன். அவனுடைய குறைகளில் ஒவ்வொன்றும் பல வருஷப் பழக்கத்தில் சோதிக்கப்பட்டது, அவன் மறுபடி மறுபடி போவதோ குறைகளையெல்லாம் மீறிய ஏதோ ஒன்று அங்கே இருப்பதற்குச் சாட்சி. புகழ்ச்சி மட்டும் பாடுபவன் பெரும்பாலும் முதலாளிக்கு மைத்துனனாக இருப்பான்.

2022-ஆம் ஆண்டின் பஞ்ச காலத்தில் இந்த வழக்காடல் எல்லாம் சற்றே அடங்கிப்போயிற்று. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த கடைக்காரர் சிலர் கதவை அடைத்தனர். சிலர் விறகடுப்புக்குத் திரும்பினர். பால்மா கிடைக்காமல் பால் தேத்தண்ணி பல நாள் இல்லையென்றாயிற்று. கிடைத்தபோது ஒரு கோப்பை 100 ரூபாயைத் தொட்டது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த காலம் அது. பகல் முழுதும் பாடுபட்டதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒரு கோப்பை குடிப்பவன் ருசியைப் பற்றி என்ன பேசுவான்? அந்த மாதங்களில் கடைகளில் மனிதர் கேட்டதெல்லாம் 'இருக்கிறதா?' என்பது ஒன்றே. பின்னர் ஒருநாள், வடையில் எண்ணெய் அதிகம் என்று யாரோ முகங்கோணி முறையிட்டதைக் கேட்டபோது எனக்கு உண்டான ஆறுதல், பத்திரிகைகளில் வெளியான பொருளாதாரப் புள்ளிவிவரம் எதைப் படித்தும் உண்டாகவில்லை.

தலைக்கு அருந்தும் தேநீரின் அளவில் உலகில் முன்னணியில் நிற்பவர்களுள் அயர்லாந்து மக்களும் அடங்குவர் என்று படித்திருக்கிறேன். அங்கும் ஏதோ ஒரு சிற்றூரில், எந்தக் கடையில் தேநீர் திடமாக இருக்கும், எந்தக் கடையில் பரிமாறும் பெண் சிடுசிடுப்பாள் என்று நாலு பேர் மழைக்கு ஒதுங்கி நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுடைய கோப்பையைப் பற்றி அவர்களும் நம்முடைய கோப்பையைப் பற்றி நாமும் பேசுகிறோம். ஒருவர் பேச்சு மற்றவர் காதுக்கு எட்டுவதில்லை.

மஸ்கெலியாவில் மட்டுமே நடக்கக்கூடிய விவாதம் ஒன்றும் உண்டு. இப்போது நாம் நடமாடும் டவுன் பழைய டவுன் அன்று; மவுசாக்கலை அணை 1969-இல் எழுந்தபோது பழைய கடைவீதி நீருக்குள் போயிற்று, ஊர் மேட்டுக்கு ஏறிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் சிதைவுகள் வெளிப்படும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். கூட்டத்தில் எப்படியும் ஒரு பெரியவர், சேற்றுப் பரப்பின் ஒரு மூலையைச் சுட்டி, அங்கே இருந்த கடையின் தேத்தண்ணிபோல் பிறகு தாம் குடித்ததே இல்லை என்பார். இன்னொரு பெரியவர் மூலை அதுவல்ல, இது என்பார். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத வழக்கு; சாட்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள்; கடைக்காரர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். சென்ற முறை நீர் வற்றியபோது நானும் போய் நின்றேன். இரண்டு முதியவர்களும் அது பசும்பாலா, டின் பாலா என்று தர்க்கித்துக்கொண்டிருக்க, குறுக்கே புகுந்து, "பசும்பால்தான் மாமா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஏலக்காயும் தட்டிப் போடுவாங்க" என்று எல்லோரிலும் உறுதியாகச் சொன்னவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது.