பலர் நடுவே தனியாக

பலர் கூடி ஆடும் இணையப் பாத்திர விளையாட்டு என்பது ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்து நடமாடும் கற்பனை உலகம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை உருவாக்கிப் பெயரிட்டு, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அதை வளர்க்கிறார்கள். ஒருவர் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் நிற்பதில்லை. இந்த வகையின் வேர், 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த ‘மட்’ என்ற விளையாட்டில் இருக்கிறது. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். பலர் புழங்கும் நிலவறை என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரிலேயே ‘பலர்’ இருக்கும் இடத்தில் தனியாக ஆடவும் வழி வேண்டுமா என்ற கேள்வி, இந்த விளையாட்டுகள் தோன்றிய காலம்தொட்டே கூடவே வருகிறது.

கேள்விக்கான முதல் தடயத்தைத் தந்தவரும் பார்ட்டில்தான். 1996-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், உலகத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர். நால்வரில் பேச்சுத்துணை தேடி வருபவர் ஒருவரே. சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஒரு மலை முகட்டை எட்டிவிட்டால் போதும். கூட யார் வந்தார்கள் என்பது அவருக்குப் பெரிதில்லை. ஆக, பலர் கூடும் உலகம் என்பதும், எல்லோரும் கூடித்தான் ஆட வேண்டும் என்பதும் தொடக்கத்திலேயே வேறு வேறாக இருந்தன.

இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்த விளையாட்டு 1999 மார்ச்சில் வந்த ‘எவர்குவெஸ்ட்’. அங்கே தனியாகப் பிழைப்பது சில வகைப் பாத்திரங்களுக்கு மட்டுமே ஓரளவு முடிந்தது. மற்றவர்களுக்கு ஆறு பேர் கொண்ட குழுவே கதி. செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். உடைமைகள் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு அங்கே திரும்பிப் போய் மீட்க வேண்டும். உயிர்ப்பித்து, இழந்த புள்ளிகளின் பெரும்பகுதியைத் திருப்பித் தர ஒரு ‘கிளெரிக்’ வேண்டும். தொலைதூரம் விரைவாகச் செல்ல மந்திரவழி திறக்கும் ‘ட்ரூயிட்’ வேண்டும். பொருள் விற்க விரும்பியவர்கள் கிழக்கு காமன்லேண்ட்ஸ் பகுதியின் சுரங்கப்பாதை ஒன்றில் கூடி, கூவிக் கூவி விற்றார்கள். அதைச் சந்தையாக யாரும் வடிவமைக்கவில்லை. ஆட்டக்காரர்களே ஆக்கிக்கொண்ட சந்தை அது. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னொருவரின் தயவு தேவைப்பட்டதால், யார் நம்பத்தக்கவர், யார் பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடுபவர் என்பது அந்த உலகத்தின் ஒரு பிரதியான சர்வர் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இன்றும் அதை ஏக்கத்தோடு பேசுவதில் நியாயம் இருக்கிறது. கஷ்டம்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது.

ஆனால் அந்தக் கஷ்டத்துக்கான விலையை எல்லோரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. குழுவுக்குக் காயம் ஆற்றும் ஹீலர் கிடைக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க மாணவரால் முடியும். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவரால் முடியாது. குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டிய தாய், பாதிச் சண்டையில் ஐந்து பேரை விட்டுவிட்டுப் போக நேரும். அவர் இரண்டாம் முறை கேட்கத் தயங்குவார். மூன்றாம் முறை கேட்கவே மாட்டார். தூரமும் நேரமும் வேறு இருக்கின்றன: குளிர்காலத்தில் ஜெர்மனியில் இரவு 8 மணிக்குக் கூடும் குழுவில் சேர, சென்னையில் இருப்பவர் நள்ளிரவு 12.30 மணிக்கு விழித்திருக்க வேண்டும். குரல் உரையாடலில் தன் குரல் கேட்டதும் ஏச்சும் சீண்டலும் தொடங்கிவிடும் என்று அறிந்த பெண்ணுக்கு, ‘குழுவாக மட்டும்’ என்ற விதி மூடிய கதவுதான். கூட்டுறவைக் கட்டாயமாக்கும் விளையாட்டு கூட்டுறவை வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும். யாரையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியது என்பது அதன் கணக்கில் வராது.

2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இந்தக் கதவைத் திறந்தது. தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் பாத்திரத்திடம் போனால் ஒரு பணி கிடைக்கும். அதை முடித்தால் அடுத்தது. முதல் லெவலிலிருந்து 60-வது லெவல்வரை பெரும்பாலும் ஒருவரே அப்படி ஏறிப்போக முடிந்தது. உச்சத்தை எட்டிய பிறகுதான் ‘மோல்ட்டன் கோர்’ போன்ற, 40 பேர் கூடி ஆடுவதற்கென்றே அமைந்த ரெய்டுகள் காத்திருந்தன. 2010-இல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. தனிவழி ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தனிவழி திறந்தால் இந்த வகை விளையாட்டே அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அந்த எண் போதுமான பதில்.

அந்த விளையாட்டை ஆராய்ந்து நிக்கோலஸ் டூஷெனோவும் நிக் யீ முதலிய அவரது சகாக்களும் 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்டக்காரர்கள், குறிப்பாகத் தொடக்க லெவல்களில், பெரும்பகுதி நேரத்தைத் தனியாகவே கழிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் மற்றவர்கள் எதற்கு? பார்க்கும் கண்களாக, பார்க்கக் கிடைக்கும் காட்சியாக, சுற்றிலும் ஆள் இருக்கிறார்கள் என்ற உணர்வாக என்று அவர்கள் விளக்கினார்கள். தேரோடும் வீதியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வடம் பிடிப்பவர்கள் சில நூறு பேர். வீட்டுத் திண்ணையிலும் வீதி ஓரத்திலும் நின்று பார்ப்பவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் தேர் பார்த்துவிட்டு வீடு திரும்பியவரைத் திருவிழாவுக்குப் போகாதவர் என்று எவரும் சொல்வதில்லை. அந்த ஆளையே வெறிச்சோடிய வீதியில் நிறுத்தினால் அது வேறு தனிமை. இணைய உலகத்தில் தனியாக ஆடுபவர் தேடுவது முதல் வகையை. தனியாக ஆடுவதென்றால் ஒருவருக்கான விளையாட்டை வாங்கி ஆடலாமே என்று கேட்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘ரூன்ஸ்கேப்’. 2001-இல் தொடங்கிய இந்த விளையாட்டில் சிலர் தாமாகவே ஒரு விரதம் பூண்டார்கள்: யாரிடமும் எதையும் வாங்குவதில்லை, விற்பதில்லை, வாள் வேண்டுமென்றால் கனிமத்தை வெட்டி எடுத்து, உருக்கி, தானே அடித்துக்கொள்வது. 2014 அக்டோபரில் விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் இதை ‘அயர்ன்மேன்’ என்ற பெயரில் அதிகாரபூர்வ முறையாகவே ஆக்கியது. அந்த வழியைத் தேர்ந்தவரின் பெயருக்கு அருகில் ஒரு தலைக்கவசச் சின்னம் தெரியும். தரவரிசைப் பட்டியலும் அவர்களுக்குத் தனி. சந்தையும் பண்டமாற்றும் இல்லாமல் போனதும், முன்பு யாரும் சீண்டாத பொருள்களும் மூலைமுடுக்குகளும் உயிர்பெற்றன. காசு கொடுத்தால் நொடியில் கிடைத்த ஒரு மூலிகைக்காக ஒருவர் விதை தேடி, நட்டு, காத்திருந்தார். உலகம் ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனிமை காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்தத் தலைக்கவசச் சின்னத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தில் மனிதர் வேண்டும். நகர வங்கியின் வாசலில் நூறு பேர் நிற்கும்போதுதான் அது பெருமை. ஒருவருமே இல்லாத உலகில் எல்லோருமே அயர்ன்மேன்தான்.

தனிவழி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் முதுமை. இந்த உலகங்கள் வயதாகும்போது பழைய ஆட்டக்காரர்கள் உச்சிக்குப் போய்விடுகிறார்கள், அடிவாரம் காலியாகிறது. புதிதாக வருபவருக்கு ஐந்து பேர் வேண்டும், ஆனால் அந்த லெவலில் ஐந்து பேர் இல்லை. ‘எவர்குவெஸ்ட்’ 2008-இல் கணினி இயக்கும் கூலிப்படை வீரர்களை அறிமுகப்படுத்தியது. 2002-இல் குழு ஆட்டத்தையே அடித்தளமாக வைத்து ஜப்பானில் தொடங்கிய ‘ஃபைனல் ஃபேன்டசி 11’, 2013-இல் கணினியே இயக்கும் துணைவர்களை அழைத்துக்கொள்ளும் ‘டிரஸ்ட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் தம்பியான ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ 2019-இல் அதே பெயரில் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது. 2022-இலிருந்து பழைய கதைப்பகுதியின் நால்வர் சேர்ந்து புகும் டன்ஜன் என்ற நிலவறைகளுக்கும் அத்தகைய துணையை விரிவாக்கத் தொடங்கியது. கதையை நிதானமாகப் படித்து, சுவரோவியத்தின் முன் நின்று பார்த்துப் போக விரும்புபவருக்கு, பின்னால் மூன்று பேர் அவசரப்படாத டன்ஜன் ஒரு வரம். இதில் இழப்பும் உண்டு. இயந்திரத் துணைவர் தவறு செய்வதில்லை, சலித்துக்கொள்வதில்லை, நன்றி சொன்னால் அது அவருக்கு எட்டுவதும் இல்லை. கதைக்கு அவர்கள் போதும். அதற்கு அப்பால் அவர்களை நீட்டுவது உலகத்தைப் பொம்மைகளால் நிரப்புவதாகும்.

கூட்டு வாழ்வு குலைந்ததற்குத் தனி ஆட்டத்தைக் குற்றம் சொல்பவர்கள், உண்மையான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். 2009 டிசம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ‘டன்ஜன் ஃபைண்டர்’ என்ற வசதியைத் தந்தது. அதற்கு முன் நகரத்தில் நின்று ‘அடி தாங்க டேங்க் வேண்டும், ஹீலர் வேண்டும்’ என்று கூவி, ஆள் சேர்த்து, டன்ஜன் வாசல்வரை பயணம் போக வேண்டியிருந்தது. புதிய வசதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரை இயந்திரமே பொறுக்கி உள்ளே இறக்கிவிடும். நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் அந்த ஐவர் இருபது நிமிடம் ஒன்றாக இருந்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் பிரிந்தார்கள். மீண்டும் சந்திக்கப்போவதில்லை என்பதால் முரடராக நடந்துகொண்டவருக்கு இழப்பில்லை. பொறுமையாக இருந்தவருக்குப் பெயரும் இல்லை. அங்கே ஐந்து பேர் இருந்தும் ஒருவருக்கொருவர் ஆளாகத் தெரியவில்லை. தனியாக மீன்பிடித்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர், தினமும் அதே குளக்கரையில் கண்ணில் படும் இன்னொருவரோடு கொண்டிருக்கும் உறவு இதைவிட அடர்த்தியானது. 2019 ஆகஸ்டில் பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்று மீண்டும் வெளியிட்டபோது அந்தப் பொத்தான் இல்லாமலேயே வெளியிட்டார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள்.

2003-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்’ தனிவழிக்கும் கட்டாயக் குழுவுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டிருந்தது. அதில் சண்டைக்குப் போய்வந்தவரின் களைப்பு, மதுக்கூடத்தில் ஆடுபவரையும் வாசிப்பவரையும் பார்த்தால்தான் தீரும். அந்த ஆடுபவரும் ஓர் ஆட்டக்காரர். ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாதவர். தனியாக வேட்டைக்குப் போகலாம், ஆனால் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பிய இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். 2005 நவம்பரில் அதன் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கினார்கள். 2011 டிசம்பரில் அந்த உலகம் மூடப்பட்டது.

கூடி ஆடுவதால் கிடைப்பது என்ன என்பதற்கு நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர் 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியை எழுதியபோதுதான் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ உலகில் ‘ஸ்டார்லைட்’ என்ற கில்டில், அதாவது நிலையான ஆட்டக்குழுவில், அவர் பலருக்கு நெருங்கிய தோழராக இருந்திருக்கிறார். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். பெஞ்சமின் ரீ 2024-இல் இதை ஆவணப்படமாக எடுத்தார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த நட்பு வளர்ந்தது, உச்ச லெவல்வரை தனியாகவே ஏறிவிடக்கூடிய விளையாட்டில். ஒரே கில்டில், ஒரே பெயர்களோடு, ஆண்டுக்கணக்கில் புழங்கியதுதான் அதை வளர்த்தது.

மிஞ்சுவது பரிசு பற்றிய வழக்கு. தனியாக ஆடுபவருக்கும் உச்சமான ஆயுதமும் கவசமும் கிடைக்கலாமா? 2024 ஆகஸ்டில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ சேர்த்த ‘டெல்வ்ஸ்’ என்ற குகைகளில் ஒருவர் முதல் ஐவர்வரை போகலாம். தொடக்கத்தில் தனியாகப் போனவருக்குப் பிரான் என்ற குள்ள வீரர் துணைக்கு வந்தார். வாரப் பரிசும் உண்டு. ரெய்டுக்காரர்களில் சிலருக்கு இது கசக்கிறது. கடினம் உண்மையாக இருந்தால் பரிசும் உண்மையாக இருப்பதில் தவறில்லை. அதே நேரம் ரெய்டை ஒருவருக்காகக் குறுக்குவது சரியல்ல. ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். ஒருவர் இழுக்கும் அளவுக்குச் சிறிதாக்கினால் இழுக்கலாம், ஆனால் அது தேராக இருக்காது.

ஆகவே முழுக் கதையும், முழு நிலப்பரப்பும், கைத்தொழில்களும் தனியாக வருபவருக்குத் திறந்திருக்க வேண்டும். கூட்டத்துக்கென்றே அமைந்தவை கூட்டத்துக்கே இருக்கட்டும். அவற்றின் பரிசும் அங்கேயே இருக்கட்டும். சந்தையும் நகரச் சதுக்கமும் எல்லோரும் கடந்துபோக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ‘ரூன்ஸ்கேப்’ விரதக்காரர்களுக்கு 2021 அக்டோபரில் இன்னொரு முறையும் வந்தது: வெளியாரிடம் எதுவும் வாங்காமல், இருவர் முதல் ஐவர்வரை தங்களுக்குள் மட்டும் பகிர்ந்து ஆடும் ‘குழு அயர்ன்மேன்’. பழைய தனிவழியும் இன்றுவரை அருகிலேயே திறந்திருக்கிறது.