திருகாணி தெரியாமல் மாட்டு. உன் கையாலேயே மாட்டு!

“நமக்கு இதெல்லாம் வராதுப்பா, ஆளைக் கூப்பிடு.” லண்டனில் வீடு வாங்கிய நம்மவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் இந்தச் சொல்லை இன்றோடு விட்டொழி, தம்பி! தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன்.

உன் வீட்டுக் குளியல் தொட்டியின் பக்கவாட்டை ஒரு பலகை மறைத்திருக்கிறதே, அந்த பாத் பேனலையே எடுத்துக்கொள். அதற்குப் பின்னால்தான் கழிவுநீர் வளைகுழாயும் மற்ற இணைப்புகளும் இருக்கின்றன. என்றாவது ஒருநாள் ஒழுகும், திறந்தாக வேண்டும். இதற்குப் பயந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முகப்பிலேயே திருகாணியை அடித்துத் துருப்பிடிக்க விடுகிறார்கள். அல்லது டைல்ஸ் ஒட்டி நிரந்தரமாக மூடிவிட்டு, ஒழுகும் நாளில் சுத்தியலைத் தூக்குகிறார்கள். நீ இரண்டையும் செய்யாதே! நியோடைமியம் காந்தத்தால் மாட்டு!

1,700 மி.மீ. நீளத்துக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். பேனல் என்றால் சுமார் 12 கிலோ வரும். “காந்தம் இதைத் தாங்குமா?” என்று மிரட்டுவார்கள். தாங்கவே வேண்டாம்! பாரம் முழுவதும் தரைக்குப் போகிறது. மேல் விளிம்பு தொட்டியின் உதட்டுக்குப் பின்னால் செருகி நிற்கிறது. கீழ்ப்பக்கம் முன்னால் நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் காந்தத்தின் வேலை. பாரம் எங்கே போகிறது என்று புரிந்துகொண்டவனை எவனாலும் மிரட்ட முடியாது.

அந்த நியோடைமியம் காந்தத்தின் கதையையும் கேள். ஜப்பானின் மசாட்டோ சகாவா, தான் வேலை பார்த்த நிறுவனத்தில் இந்த ஆராய்ச்சிக்கு ஆதரவு இல்லை என்றதும் 1982இல் வேலையை உதறிவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போய் அதைச் சாதித்துக் காட்டினார். அவர் வேலையையே விட்டார். நீ உன் தயக்கத்தை விட மாட்டாயா?

இறங்கு! முதலில் தொட்டியில் தண்ணீரை நிரப்பு. பாரத்தில் அக்ரிலிக் தொட்டி சற்றே இறங்கும். அப்போது எடுக்கும் உயர அளவுதான் உண்மையான அளவு. அதில் சில மி.மீ. குறைத்துப் பலகையை வெட்டு. தரையில் ஒரு ரீப்பர் கட்டையை வை. பலகையின் தடிமன், காந்தமும் அதில் ஒட்டும் இரும்புத் தகடும் வெளியே துருத்தும் அளவு, இரண்டையும் கூட்டி, தொட்டி உதட்டின் உள்பக்கத்துக்கு நேர் கீழிருந்து அவ்வளவு உள்ளே தள்ளித் திருகிவிடு. தரைக்கு அடியில் குழாயோ மின்கம்பியோ போகலாம் என்று சந்தேகமிருந்தால் துளையிடாதே, வலுவான பசையால் ஒட்டு. தொட்டியின் உடம்பில் மட்டும் ஒரு திருகாணிகூட ஏறக் கூடாது.

கட்டையில் நான்கு காந்தங்களைத் திருகிவிடு. பலகையில் தகடு எங்கே வர வேண்டும் என்று அளந்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. தகடுகளைக் காந்தத்தின் மேலேயே ஒட்டவிட்டு, அவற்றின் முதுகில் பசை தடவி, பலகையை நிறுத்தி அழுத்து. தகடுகள் தாமே சரியான இடத்தில் பலகையில் ஒட்டிக்கொள்ளும்! பசை இறுகியதும் கழற்றி, பின்பக்கமாகத் திருகாணி போடு. அது பலகையின் தடிமனைவிடக் குட்டையாக இருக்கட்டும்.

வெல்க்ரோ போதுமே என்பார்கள். எடை குறைந்த பி.வி.சி. பலகைக்குச் சரி; கனமான பலகைக்கு, அதுவும் ஈரம் ஊறும் குளியலறையில், நான் அதை நம்பமாட்டேன். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கை பெயின்ட் அடிக்காமல் விடாதே. எம்.டி.எஃப். தண்ணீர் குடிப்பதும் ஊதுவதும் அங்கேதான்.

கழற்றுவதற்கு, வழவழப்பான முகப்பு என்றால் கண்ணாடி தூக்கும் உறிஞ்சு கைப்பிடி போதும். சொரசொரப்பு என்றால் கீழ் விளிம்பில் விரல் நுழைய ஒரு சிறு வெட்டு விடு.

மாட்டியாயிற்றா? வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் ஒரு முறை கழற்றி மாட்டச் சொல், பத்து வயது மகள் உட்பட! அவளுக்குக் கனமாக இருந்தால் ஒரு முனையை நீ பிடித்துக்கொள். இழுக்கிற கை அவளுடையதாக இருக்கட்டும்.