புகையானை அழைத்தது யார்?

சமணர் வீட்டில் பிறந்து நெல் போடுகிறவனிடம் ஊரார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எறும்பை மிதிக்கக்கூடாது என்பீர்கள், ஏர் மட்டும் ஓட்டலாமா?" வடநாட்டுச் சமணர்களில் பலர் வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். வந்தவாசி, செய்யாறு பக்கத்து நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நிற்கிறோம். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற வழக்கமும் இருக்கிறது. அதே வீட்டு ஆள் சேடை ஓட்டும்போது கொக்கும் மைனாவும் பின்னாலேயே வந்து, புரண்ட மண்ணிலிருந்து புழுவையும் குட்டித் தவளையையும் கொத்திக்கொண்டு போகின்றன. கேட்கிறவர்கள் சும்மா கேட்கவில்லை.

இதற்குப் பெரியவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். உழவைக் கற்றுக்கொடுத்தவரே ஆதிநாதர்தான் என்கிறது எங்கள் புராணம். அவர் வகுத்த ஆறு தொழில்களில் அதுவும் ஒன்று. இல்லறத்தான் செய்யும் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வேண்டுமென்றே கொல்வது சங்கல்பி. அடுப்படியிலும் துடைப்பத்திலும் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை அறவே விடவேண்டும், மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமோ, இம்சையைக் கவனமின்மையோடு சேர்த்தே வரையறுக்கிறது. ஆக, ஏர் உத்யோகியில் அடங்கிவிடும்.

என்னை உறுத்துவது மருந்து டப்பா.

"பயிரை அழிக்க வருகிற பூச்சியை அடித்தால் அது விரோதிதானே மாமா?" என்பான் என் மைத்துனன். நான் ஒத்துக்கொள்வதில்லை. புகையான் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவில் வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடந்தால் அதன் வேலைதான். அது எப்போது பெருகுகிறது? யூரியாவை அள்ளிக் கொட்டி, பயிரைக் கருகருவென்று வளர்த்து, நெருக்கி நட்டு, மடையைத் திறந்தபடியே விட்டு, தூரில் காற்றும் வெயிலும் படாமல் செய்தால் பெருகுகிறது. போதாததற்கு, இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று பைரித்ராய்டு வகை மருந்தை முன்கூட்டியே அடித்திருப்போம். அதில் புகையானைத் தின்கிற சிலந்தி செத்துப்போகும்; புகையான் அடங்குவதற்குப் பதில் கூடும். வாசலைத் திறந்து பாய் விரித்துவிட்டு, வந்தவனை விரோதி என்றால் எந்த தர்மத்தில் சேரும்?

8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நட்டால் காற்று உள்ளே போகும். யூரியாவை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் பிரித்து, இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் இறங்கினால்தான் உரம். தண்ணீரை அவ்வப்போது வடித்துக் காயவிட வேண்டும். அதன் பிறகும் புகையான் வந்தால் எண்ண வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1, குத்துக்கு ஒரு சிலந்தியாவது இருந்தால் தூருக்கு 2 என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதற்குக் கீழே மருந்து தேவையில்லை. சூத்திரம் சொன்ன கவனம் என் வயலில் இதுதான் என்று நினைக்கிறேன்: குனிந்து, பயிரை விலக்கி, எண்ணுவது. எண்ணாமல் அடிக்கிற மருந்து, என் கணக்கில் சங்கல்பிதான்.

குருத்துப்பூச்சி இன்னும் சங்கடமானது. தாய்ப்பூச்சி நாற்றின் நுனியில் முட்டைக் குவியல் வைக்கும். நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பாதித் தொல்லை போகும், கிள்ளுவதும் கொலைதான். நடவு முடிந்த 30, 37ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சிசி ட்ரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறேன். அந்தச் சின்னக் குளவி பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். "ஆளை வைத்து அடிக்கிறீர்கள்" என்று அதற்கும் கேலி உண்டு. கேலி சரிதான். ஆனால் தேனீயையும் தவளையையும் அந்தக் குளவி தொடுவதில்லை. பத்து உயிர் போகிற இடத்தில் ஒன்று போனால் அது வித்தியாசம்தான். விளக்குப்பொறி மட்டும் என்னால் முடியவில்லை. விளக்கில் பூச்சி விழுந்து சாகக்கூடாது என்று பகலிலேயே சாப்பிட்டு முடிக்கிறவனுக்கு, அது விழட்டும் என்றே வயலில் விளக்கேற்ற மனம் வருமா? எலிக்கு வரப்பைச் சிறுத்துக் கட்டி, ஆந்தை உட்காரக் கழி நட்டுவைக்கிறேன். கழியை நட்டது யார் என்று ஆந்தை கேட்காது, நான் கேட்டுக்கொள்கிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வம்பே வேண்டாமென்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குப் போனவர்கள் எங்களில் உண்டு. அவர்கள் கை சுத்தமாகிவிட்டதாக நான் நம்பவில்லை. குத்தகைக்காரர் தேதி பார்த்து மருந்தடிக்கிறார். குத்தகை நெல் வீடு வந்து சேர்கிறது. துறவிக்கே ஆகாரம் இல்லறத்தான் கொடுப்பதுதான். பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் பாதங்களை வணங்கிவிட்டு இறங்கினால் கீழே தெரிவது நெல் வயல்தான். சோறு தின்கிற எவருக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. எண்ணிப் பார்க்கிற வேலை மட்டும் எங்களிடம் இருக்கிறது.

நவரைக்கு நாற்று விட்டிருப்பவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று கைத்தெளிப்பானைத் தூக்காதீர்கள். காலையில் இறங்கி, வயலின் நடுவில் பத்துக் குத்தையாவது விலக்கித் தூரைப் பாருங்கள். சிலந்தி இருந்து, புகையான் தூருக்கு 2க்குக் கீழே இருந்தால், டப்பாவைத் திறக்க வேண்டாம்.