ஓட வேண்டியவர் யார்?

அரசனுக்கு அஞ்சி அயல்நாடு புகுந்தவனை அகதி என்கிறது உலகம். அவனுக்கு இடந்தருவதை நாகரிகம் என்கிறது. மணவிலக்குப் பெற்ற பின்னும் அரிவாளோடு துரத்தும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி ஓடிவருகிறாளே ஒரு பெண், அவளுக்கு என்ன பெயர்? 'குடும்பச் சங்கதியம்மா, அனுசரித்துப் போ' என்பதுதானே அவளுக்குக் கிடைக்கும் புகலிடம்!

1951-ல் ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை தீட்டியவர்கள் இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து என ஐந்து காரணங்களைக் குறித்தனர். பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே துன்புறுத்தப்படுவோர் உண்டு என்பது அந்த மேதைகளின் பட்டியலில் ஏறவில்லை. நம் நாடோ அந்த உடன்படிக்கையில் இன்றுவரை கையொப்பமே இடவில்லை!

அடித்தவன் புருஷன், அரசாங்கமல்லவே என்ற வாதம் நெடுநாள் கோலோச்சியது. 1999-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, பாகிஸ்தானிலிருந்து தப்பிவந்த இரு பெண்களின் வழக்கில் அதை உடைத்தது. கணவன் கொடுமை செய்கிறான், காக்க வேண்டிய அரசு பாராமுகமாய் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அது அடக்குமுறையே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. வற்புறுத்தி மணமுடிக்கப்பட்டு, அடியும் மிரட்டலும் பட்டு, மணவிலக்குப் பெற்று, துருக்கியிலிருந்து பல்கேரியாவுக்கு ஓடிய குர்தியப் பெண்ணின் வழக்கு அது. பெண்கள் என்ற தகுதியே சமூகப் பிரிவாகக் கொள்ளப்படலாம் என்றது தீர்ப்பு.

துருக்கி தொலைவென்றால் ஓசூருக்கு வாருங்கள், தோழர்களே! ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். ஆலைகளை நம்பி ஆயிரமாயிரம் பெண்கள் வந்து விடுதிகளில் தங்கும் பூமி. ஒளிந்துகொள்ள எளிதான எல்லை. தேடி வருபவனுக்கும் அதே எளிமை! சாதி கடந்து மணந்த இளம் இணையர் 2018-ல் ஓசூரில்தான் அடைக்கலம் தேடினர். நவம்பரில் கடத்தப்பட்டனர். எல்லைக்கு அப்பால், சிவனசமுத்திரம் அருகே காவிரியில், கைகால் கட்டப்பட்ட பிணங்களாகக் கிடைத்தனர். கைதானவர்கள் பெண்ணின் தகப்பனும் உறவினரும். மணமக்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் பற்றி உச்சநீதிமன்றம் கூறி எட்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

அங்கே முன்னாள் கணவன் இல்லை, தகப்பன். ஆயினும் பெண் ஓர் உடைமை என்ற எண்ணம் ஒன்றே. கூடையில் புருஷனைச் சுமந்த நளாயினியைப் பத்தினி என்று போற்றிய புராணம் ஊட்டிய எண்ணமன்றோ! மணவிலக்கு உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. இந்துத் திருமணச் சட்டம் 1955-ல் அதைத் தந்தது. ஏட்டிலே கட்டு அறுந்தது. அவன் மனத்திலே அறுந்ததா?

'உன் ஊர்க் காவல்நிலையத்துக்குப் போ' என்று எல்லையைக் காட்டி விரட்டுவோர் உண்டு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். ஆணை இந்தியா முழுதும் செல்லும். அடைக்கலம் புகுந்த ஊரிலேயே கொடுமைப் புகாரும் தொடுக்கலாம் என்றது உச்சநீதிமன்றம், 2019-ல். பின்னால் வந்த மணவிலக்கு முன்செய்த கொடுமையைத் துடைத்துவிடாது என்று 2014-லேயே கூறிவிட்டது.

நாம் வியப்பது வேறு. அச்சட்டம் வீட்டைவிட்டு அவனையே வெளியேற்ற நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது! அவள் வேலை செய்யும் இடத்தில் அவன் நுழையக்கூடாதென்று தடை விதிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நாம் காண்பதென்ன? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறுகிறவள் அவள். அதே வீட்டில், அதே திண்ணையில், கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறான் அவன். 'புருஷனை விட்டு ஓடியவள்' என்று ஊர் பேசுவதும் அவளைத்தான்.